இரண்டு தடவை கழித்துவிட்டேன்

செவ்வாய், இரவு

கன அணுக்கருக்கள் மோதும்போது சீறிவரும் துகள் கற்றைகள் எவ்வளவு ஆற்றலை இழக்கின்றன என்று இரண்டு வருடமாக அளந்துவருகிறேன். இன்று என் கணக்கிலேயே பிழை கண்டேன். கற்றையோடு கலந்துவரும் மற்றத் துகள்களின் ஆற்றலை இரண்டு தடவை கழித்திருக்கிறேன். அதனால்தான் இழப்பு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. அடுத்த வாரம் மாநாட்டில் இதைத்தான் பேச இருந்தேன்.

தோல் மண்டியிலிருந்து வந்த கணவர் அன்வரிடம் சொன்னேன்.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீயே சொல்லிரு. மறைச்சா உனக்குத் தூக்கம் வராது."

என் ஆய்வுக் குழுவுக்கு எழுதி அனுப்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தோசை ஆறிப்போயிருந்தது. சாப்பிடும்போது கேட்டார்: "அப்ப அந்தத் துகளு நீ நெனச்ச அம்புட்டையும் இழக்கலதானே? நல்ல சேதிதான?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். குழுவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.