மீட்டர் சரியில்லை என்று சொன்ன பெண்

கார்த்திகை 3, புதன்
விடாத தூறல். பத்து மணிக்கும் ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. வி.ஏ.ஓ. சார் சொன்ன பயிர்க் கணக்குக்காக வயல் பக்கம் போனேன். தலைக்கு மேல் விமானச் சத்தம், மிகத் தாழ்வாக. அப்புறம் டமார். செல்வத்தின் வயலில் குப்புறக் கிடந்தது, சின்னப் பயிற்சி விமானம். நெல் பூ விட்ட வயல்.

பக்கத்து வயல் பெண்கள் இருவரும் நானுமாக உள்ளே இருந்த இரண்டு பேரை இழுத்தோம். சொல்லித்தரும் சாருக்கு நினைவில்லை. ஓட்டிய மாணவிக்கு இருபது வயதிருக்கும், கால் முறிவு. என் கையை விடவேயில்லை.

"அக்கா, உயரம் காட்டுற மீட்டர் கிளம்பும்போதே சரியில்ல. சார்கிட்ட சொன்னேன். பரவால்ல, போலாம்னாரு."

உத்திரமேரூரிலிருந்து 108 வர அரை மணி.

4, வியாழன்
மழை. விசாரணை அதிகாரி வரும்வரை விமானத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராம உதவியாளர் நான்தானே. எடுத்துப்போனவை: தார்ப்பாய், விசில், தலைவலி மாத்திரை. செல்ஃபி கூட்டம்.

செல்வம்: "ஏரோப்ளேன்கூட பரவால்லமா. இந்த ஜனம்தான் பயிர மிதிச்சிக்கினு கீது."

சாயந்திரம் போன். அந்த சார் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம். ஒன்றும் தோன்றவில்லை. மாவு அரைத்தேன்.

5, வெள்ளி
விமானப் பள்ளி ஆள் ஒருவர், காரில். "அந்தப் பொண்ணு தப்பா ஓட்டிடுச்சு. உங்ககிட்ட ஏதாவது பேசிச்சா?"

"மழைச் சத்தம் சார், கேக்கல." ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.

அவள் பேசியதையும் நான் மழுப்பியதையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செத்தவரு மேல பயி போடப் போறியா? எல்லார்கிட்டயும் கேக்கலன்னே சொல்லிடு. நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

சரியென்றுதான் பட்டது. ஆனால் அவள் உயிரோடு இருக்கிறாள். ஆள் செத்தது தன்னால் என்று ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு.

6, சனி
வெயில். அதிகாரி வந்தார், கேட்டார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். பள்ளி ஆளிடம் பொய் சொன்னதையும். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

வரப்பில் ஒரு அம்மா. இறந்தவரின் மனைவி. "என்ன கேட்டாங்க?"

மறைக்க மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன்.

"அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணாரு. மீட்டர் சரியில்ல, இன்னைக்கு வேணாம்னு சொல்லியும் ஆபீஸ்ல போகச் சொல்றாங்கன்னாரு." ரோட்டுப் பக்கம் பார்த்தார். "அதையும் எழுதிப்பாங்களா?"

அதிகாரியின் ஜீப் கிளம்பிவிட்டிருந்தது. சேற்றில் ஓடினேன், கையை ஆட்டிக்கொண்டே. நின்றது.