மஞ்சள் கண்ணாடி வைத்த நீலக் கார்

சிட்லபாக்கம்,
23.11.2025

அன்புள்ள மாளுவுக்கு,

அம்மா எழுதுவது. முட்டிவலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, கால்கரிக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ஏதாவது ஒரு அவசரத்தில் இருப்பாய், நானும் மழை, மோட்டார் ரிப்பேர் என்று எதையாவது பேசி வைத்துவிடுவேன். இதை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

மாடியில் குடியிருக்கும் கிருபாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலை. ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து என்னோடு காபி குடிப்பாள். அப்பா போன பிறகு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வீட்டில் இரண்டு குரல் கேட்கும். அவளும் முப்பதாம் தேதி காலி செய்துகொண்டு ஓரகடம் போகிறாள். போவதற்குள் பரணை ஒழித்துத் தருகிறேன் என்று போன ஞாயிறு ஏறினாள், உன் பொம்மைக் கார் டப்பா கிடைத்தது. பார்த்ததும் அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பழைய கார்களைச் சேர்ப்பவளாம். ஆன்ட்டி, கலரைப் பாத்து ஏமாறக் கூடாது, முதல்ல கவுத்துப் பாக்கணும் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். அடித்தகடு கறுப்பா சாம்பலா, அதில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது, சக்கரம் எந்த மாதிரி, ஜன்னல் கண்ணாடி என்ன நிறம், பின்னால் கொக்கி உண்டா, இவ்வளவும் பார்க்க வேண்டுமாம். ஒரே அச்சில் வார்த்த காரிலேயே இப்படி நாலைந்து விதம் வருமாம். எனக்கும் பொழுது போயிற்று, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதினேன். அந்த நீலக் காருக்கு வெள்ளைக் கண்ணாடி, கொக்கி இல்லை என்று எழுதும்போது கை நின்றுவிட்டது.

உனக்கு நினைவிருக்கும், எண்பத்தாறில் மஸ்கட்டிலிருந்து மாமா உனக்கும் உன் பெரியம்மா பையன் அரிகிருஷ்ணனுக்கும் ஒரே மாதிரி நீலக் கார் வாங்கி வந்தான். நங்கநல்லூரில் பெரியம்மா வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் விளையாடி முடித்து நாம் கிளம்பும்போது, இது என்னுது இல்ல, என்னுதுல கண்ணாடி மஞ்சள் என்று நீ அழுதாய். அரி இல்லவே இல்லை என்றான். இரண்டும் ஒன்றுதானே என்று எல்லோரும் சொன்னார்கள், அக்கா முகம் சுருங்கிவிட்டது. நான் அத்தனை பேர் எதிரில் உன்னை அறைந்து, பொய் சொல்லாதே என்று சொல்லி, அவனிடம் சாரி கேட்க வைத்தேன். எட்டு வயதுக் குழந்தை, கேட்டாய். அப்புறம் அந்தக் காரை நீ தொட்டு நான் பார்த்ததில்லை.

ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். அதற்கு முந்தின வாரம் கோவளத்தில் படகு மேல் உட்கார்ந்து அந்தக் காரைத் தூக்கிக் காட்டுகிறாய், அப்பா எடுத்த படம். கிருபா அதைப் போனில் பெரிதாக்கினாள். கண்ணாடி மஞ்சள், பின்னால் கொக்கி. ஒருவேளை கண்ணாடியை யாராவது மாற்றியிருப்பார்களோ என்று அப்போதும் கேட்டேன், என் புத்தியைப் பார். அவள் காரைத் திருப்பி, அடித்தகட்டுல இருக்கிற ரிவெட்டைத் தொடவே இல்ல ஆன்ட்டி, அதைக் கழட்டாம கண்ணாடிய மாத்த முடியாது, இது வேற கார்தான் என்றாள். அரிக்குப் போன் செய்தேன். ஒரு பொம்மைக் காருக்கா சித்தி, எனக்கு ஞாபகமே இல்லையே என்று சிரித்தான். அக்கா இல்லை, அப்பா இல்லை, மாமாவும் இல்லை. அன்று அந்தக் கூடத்தில் நடந்ததைச் சொல்ல இப்போது நீயும் நானும்தான் மிச்சம்.

மாளு, உன் முதல் கல்யாணத்தில் நீ பட்டதையெல்லாம் இரண்டு வருஷம் கழித்து வக்கீல் வாயால்தான் தெரிந்துகொண்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நம்பியிருப்பியாம்மா என்றாய். அந்த ஒரு கேள்விக்காக எத்தனையோ நாள் உன் மேல் கோபமாக இருந்தேன், நன்றி கெட்டவள் என்றுகூட அப்பாவிடம் சொன்னேன். இப்போது கோபம் இல்லை. எங்கிருந்து வந்த கேள்வி என்று தெரிந்துவிட்டது. நாலு நாளாக அந்தக் கார் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது. நீ சொன்னது உண்மை. நான்தான் பார்க்காமல் அடித்தேன். என்னை மன்னித்துவிடு.

கார்களைக் கிருபா கேட்கவில்லை, நானும் உன்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். நீயும் உன் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், குன்றத்தூர் முருகனிடம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே. இதைப் படித்துவிட்டு, பரவாயில்லைம்மா என்று சொல்லத் தயவுசெய்து போன் செய்யாதே. கோபம் இருந்தால் கோபத்தைச் சொல். வேறு ஏதாவது சொல்லாமல் வைத்திருந்தால் அதையும் சொல். நம்புவேன்.

உன் அம்மா,
திரிபுரசுந்தரி