இடப்பக்கத்து நெளிவு

நேற்று பல்லரோச் சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கத்தான் போனேன். உன்னை நினைத்துக்கொண்டு போகவில்லை. தமிழ்க்கடையின் மேல்தட்டில் இருந்த ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் ஒன்று மூடி கழன்று, கீழே அடுக்கியிருந்த மாப் பைகளின்மேல் வழிந்திருந்தது. கடைக்காரப் பெண் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என்னால் நகர முடியவில்லை.

"என்னக்கா, தலை சுத்துதோ?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை, வெக்கை" என்றேன்.

மற்றவர்களுக்கு அது வயிறு கழுவக் கொடுக்கிற எண்ணெய். எனக்கு அது ஒரேத்தோத் தெருவில், நீ வேலைசெய்த சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டு முற்றத்தில், தலையில் துணி கட்டிக்கொண்டு, அந்தக் குட்டிப் பந்தயக் காருக்குள் உட்கார்ந்திருந்த நீ.

நீ போனபின் வருகிற இரண்டாவது கோடை இது. அதற்குப் பிறகு நடந்தவற்றை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான்தான் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இவ்வளவு காலம் போய்விட்டது.

அந்தக் கார் நம் கைக்கு வந்ததே தண்ணீர்க்குழாய் வெடித்ததால்தான். நீ தங்கி வேலைசெய்த வீட்டின் கீழ்த்தளக் களஞ்சியத்தில் முழங்கால் அளவு தண்ணீர். உன் சிஞ்ஞோராவுக்கு எண்பது கடந்திருந்தது, தனி ஆள். நீ எனக்குத் தொலைபேசி எடுத்து, "வதனி, ஓடி வாடி, சாமானெல்லாம் மிதக்குது" என்றாய். நான் அப்போது வேறு வீடுகளில் துப்புரவு வேலை. அன்று ஞாயிறு. வந்தேன். நனைந்த பெட்டிகளையும் கதிரைகளையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். கடைசி மூலையில் தார்ப்பாயால் மூடியிருந்ததை நீ இழுத்தாய். குழந்தைகள் மிதித்து ஓட்டுகிற காரை யாரோ பிடித்து இழுத்து நீட்டிவிட்டதுபோல ஒன்று நின்றது. ஒரே ஒருவர் மட்டும் உட்காரலாம். சக்கரங்கள் நான்கும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. இடப்பக்கத்தில், ஓட்டுகிறவரின் இடுப்பு வருகிற இடத்தில், ஒரு பெரிய நெளிவு.

சிஞ்ஞோரா படியில் நின்றபடி, "அதை மூடு" என்றா. பிறகு தானே மெல்ல இறங்கி வந்து, தண்ணீருக்குள் செருப்போடு நின்று, அந்த நெளிவுக்குள் உள்ளங்கையை வைத்தா. அது அவவுடைய அண்ணனின் கார். நகரத்துக்கு வெளியே மண் திடலில் வட்டமாக ஓடும் பந்தயங்களில் அவர் அதை ஓட்டினாராம். ஒரு வளைவில் வழுக்கிப்போய்த் தடுப்புத் தூணில் மோதிற்று. அவவுக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயது. தகப்பன் வண்டியைக் கொண்டுவந்து பூட்டியவர் பிறகு ஒருநாளும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

எதிர்வீட்டு நீனோ, பேருந்து திருத்துமிடத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "இது மிட்ஜெட்" என்றார். "இதைவிடப் பெரியதை ஸ்பிரிண்ட் கார் என்பார்கள். இது அதற்குத் தம்பி."

தம்பி என்ற சொல்லை அவர் இத்தாலியத்தில்தான் சொன்னார். நீ அதைத் தமிழில் திருப்பிச் சொன்னாய். அன்றிலிருந்து அந்தக் காருக்கு உன் வாயில் தம்பி என்றுதான் பெயர். உனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதை ஓடவைப்போம் என்று சொன்னது நீனோ. விடாப்பிடியாக நின்றது நீ. சிஞ்ஞோரா சம்மதிக்க ஒரு மாரி முழுவதும் எடுத்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மாதா கோவில் பூசை முடிந்து வர, நானும் வந்துசேர, முற்றத்து எலுமிச்சைக்குக் கீழே வேலை நடந்தது. நீனோ எஞ்சினைக் கழற்றி எண்ணெய்த் தொட்டியில் ஊறப்போட்டார். நீ மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையுமாகச் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாய். இருக்கைத் தோல் என் பொறுப்பு. வெட்டித் திறந்தபோது உள்ளே குதிரைமயிர் அடைத்திருந்தது. "எங்கடை ஊரிலை பஞ்சு, இவங்களுக்குக் குதிரையே?" என்று நீ சிரித்தாய். என் தையல் ஊசிகள் முறிந்துகொண்டே இருந்தன. வாரம் முழுவதும் மற்றவர்களின் தரையைத் துடைத்துவிட்டு ஞாயிறன்றும் எண்ணெயில் கை வைக்கிறாளே என்று எனக்கு உன்மேல் எரிச்சல் வந்த நாட்களும் உண்டு.

ஒருநாள் நீனோ ரப்பர் சுத்தியலைக் கொண்டுவந்தார். நெளிவை உள்ளிருந்து தட்டி எடுத்துவிடலாம், சின்ன வேலை என்றார். சிஞ்ஞோரா மேல்மாடி ஜன்னலிலிருந்து, "அதைத் தொடாதே!" என்று கத்தினா. அவவின் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று நமக்கு அதுவரை தெரியாது. கீழே வந்து மூச்சிரைக்க நின்றா. "எஞ்சினைத் திருத்து. சக்கரத்தைத் திருத்து. அவன் கையால் எழுதிய எண்ணையும் இந்த இடத்தையும் விட்டுவிடு. இங்கேதான் அவன் கடைசியாக இருந்தான்."

காரின் மூக்கில் அந்த எண் கோணலாக, தூரிகையின் தடம் தெரிய இருந்தது. நீனோ சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு எலுமிச்சை மரத்தடிக்குப் போனாய். பின்னால் வந்து என்னடி என்று கேட்டேன்.

"அவவுக்குக் கை வைச்சுப் பாக்க ஒரு இடமாவது இருக்கு" என்றாய். "என்ரை தம்பி ஒருநாள் காலமை சைக்கிளிலை போனவன். சைக்கிளும் வரேல்லை. அவனும் வரேல்லை. போட்ட சட்டை ஒண்டுகூட இல்லை என்னட்டை. இடம்பெயரேக்கை எல்லாம் விட்டிட்டு ஓடினது."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவனைப் பற்றி நீ வாய் திறந்தது அதுதான் முதல்தடவை. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றவேண்டுமாம். நீனோ போத்தலைத் திறந்ததும் நீ மோந்து பார்த்துவிட்டு நிலத்தில் குந்திச் சிரிக்கத் தொடங்கினாய். "சின்னனிலை அம்மா மூக்கைப் பொத்திப் பருக்கினது இதைத்தானடி! பேதிக்குக் குடுக்கிற எண்ணெயிலை கார் ஓடப்போகுதாம்!" சிஞ்ஞோராவுக்கு அதை நீ சைகையோடு விளக்க, அவவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

ஓடியது. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு வந்த ஒரு வெயில் நாள். நீனோவின் உடம்பு அந்த இருக்கைக்குள் இறங்கவில்லை, எனக்குப் பயம். நீ கோவிலுக்குப் போட்ட பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாய். நானும் நீனோவும் பின்னால் தள்ளினோம். இருமியது, இன்னொருமுறை இருமியது, பிறகு வீடு முழுக்க அதிர ஒரு சத்தம். சுற்றிலும் பல்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். நீல நிறப் புகை, அதில் ஆமணக்கெண்ணெய் வாசம். நீ எலுமிச்சையைச் சுற்றி நடைவேகத்தில் ஒரு வட்டம் வந்தாய். வாய் திறந்தபடி, கண்ணில் நீர் ஓடியபடி. சிஞ்ஞோரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. உன்னைத்தான் பார்த்துக் கூப்பிட்டா. நீ "வாறன், வாறன்" என்று தமிழில் பதில் சொன்னாய்.

அன்று காரைவிட்டு இறங்கும்போதுதான் இடுப்பைப் பிடித்தாய். "நாரி நோகுது. குனிஞ்சு குனிஞ்சு கூட்டினதுதான்" என்றாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. நம் வேலையில் நாரி நோகாதவர் யார்? நீனோ பூசச் சொல்லித் தந்த களிம்பைப் பூசினாய். மழைக்காலம் வந்தபோது உன்னால் படியேற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த இளம் வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டு, மிக மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சின்னச் சின்னச் சொற்களாக எடுத்துச் சொன்னார். அவ்வளவு சின்னச் சொற்களாக இல்லாமல் இருந்திருக்கலாம். வெட்டவும் இயலாது, மருந்தும் பிடிக்காது என்பதில் விளங்காமல் இருக்க ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

நான் உனக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன், நீ குடிக்கவில்லை. காலைப் பிடித்துவிட்டேன், நோகுது என்றாய். ஜன்னலைத் திறந்தேன், குளிர்ந்தது. மூடினேன், மூச்சு முட்டிற்று. கடைசி வாரத்தில் என்னால் செய்யமுடிந்தது பக்கத்தில் இருப்பது மட்டும்தான்.

ஒரு பின்னேரம் தெளிவாகக் கண் திறந்தாய்.

"வதனி, கிழவிக்கு இனி ஆரடி? அந்த நெளிவைத் தட்ட விடாதை. நீனோ நல்லவர், ஆனா நேர்த்தி பாக்கிற ஆள்."

"விடமாட்டன்" என்றேன்.

"தம்பியின்ரை பேர் உனக்குத் தெரியாதல்லோ?"

தெரியாது என்றேன். என்னைக் குனியச் சொல்லிக் காதுக்குள் சொன்னாய். "அம்மாவும் போயிட்டா. ஊரிலை தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை. உனக்காவது தெரிஞ்சிருக்கட்டும்."

அதற்குப் பிறகு நீ கதைத்தது கொஞ்சம்தான். தண்ணீர் கேட்டாய். ஒருமுறை என்னை அம்மா என்றாய்.

இனி உனக்குத் தெரியாதவை. உன்னை அடக்கம் செய்த அன்று சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் கோவிலுக்கு வந்தா. வீட்டுக்குத் திரும்பியதும் உன்னைக் கூப்பிட்டாவாம், தேநீர் கொண்டுவரச் சொல்லி. கோடைக்கு முன்பே, நடந்தது எது, நடக்காதது எது என்ற நிதானம் அவவுக்கு இல்லாமல் போய்விட்டது. மிலானோவில் இருக்கும் அவவின் அக்கா மகன் வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார். வீட்டைக் கொடுத்தார். காரையும் கொடுத்தார், ஜெனோவாப் பக்கத்தில் பழைய பந்தயக் கார்கள் சேர்க்கிற ஒருவருக்கு. நீனோ மகளோடு இருக்க ஜெர்மனிக்குப் போயிருந்தார். நான் ஓடிப்போனேன்.

அந்த அக்கா மகன் கெட்டவர் இல்லை. எனக்குக் கதிரை போட்டார், கோப்பி தந்தார். "உங்கள் மனது விளங்குகிறது சிஞ்ஞோரா. ஆனால் விற்றாகிவிட்டது. வாங்கியவர் அதற்கு உயிர் கொடுப்பார்."

உயிர் கொடுத்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் இத்தாலியம் தரைக்கும் ஜன்னலுக்கும் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் விசா புதுப்பிக்கவும்தான் போதும். நெளிவைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் அந்த வீட்டில் வேலைசெய்தவளின் சினேகிதி. அந்தக் காரில் எனக்கு என்ன உரிமை இருந்தது?

துறைமுகத்துக்கும் போனேன். கப்பல் ஏற்றக் காத்திருந்த வண்டியில் அதை வார்களால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சாரதியிடம் நெளிவைக் காட்டி, "நோன் தொக்காரே" என்றேன், தொடவேண்டாம் என்று. அவர் அன்பாகச் சிரித்தார். "பயப்படாதீர்கள் சிஞ்ஞோரா, வழியில் யாரும் தொடமாட்டார்கள், நன்றாகக் கட்டியிருக்கிறேன்" என்றார். அது இல்லை, அது இல்லை என்றேன். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற லொறி ஹோன் அடித்தது. அவர் கையசைத்துவிட்டு ஏறினார். அவருக்கு விளங்கியிருந்தாலும் என்ன செய்திருப்பார், அவர் வண்டி ஓட்டுகிறவர். கப்பலின் வயிற்றுக்குள் தம்பி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டெம்பரில் அந்த அக்கா மகன் என் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். நான் சந்தோசப்படுவேன் என்று நம்பித்தான் அனுப்பியிருந்தார். "எவ்வளவு அழகு, பாருங்கள்!" உண்மையில் அழகாகத்தான் இருந்தது. இரத்தச் சிவப்பில், முகம் பார்க்கலாம் போலப் புதுப் பூச்சு. மூக்கில் அச்சடித்ததுபோல நேரான எண். இடப்பக்கம் முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தது.

சிஞ்ஞோராவுக்கு நான் அதைக் காட்டவில்லை. வியாழக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். சில நாட்களில் என்னை நீயென்று நினைக்கிறா. "கார் பத்திரமா?" என்று கேட்பா. "சீ, சிஞ்ஞோரா" என்பேன், ஓம் என்று.

போன நவம்பரில், இறந்தோர் திருநாளுக்கு, உன் கோவிலுக்குப் போனேன். நெற்றியில் திருநீற்றோடு போகலாமோ என்று யோசித்து, பிறகு அப்படியே போனேன். வாசலில் பூசையில் வாசிப்பதற்குப் பெயர் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையிடம் உன் பெயரைச் சொன்னேன்.

"வேறை ஆற்றையும் பேர் இருக்கோ அக்கா?" என்று கேட்டாள்.

தம்பியின் பெயர் வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது, ஒவ்வொரு வருடமும் நீ அப்புவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் மட்டும் கொடுத்தது. ஒருமுறை தம்பிக்கும் கொடன் என்று நான் சொல்லப்போய், "அவன் செத்தவன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று நீ ஒரு வாரம் என்னோடு கதைக்காமல் இருந்தது.

"இல்லைப் பிள்ளை. இவ்வளவுதான்" என்றேன்.

செத்தவர்களோடு அவனைச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்காக மன்றாடும்போது அந்தப் பெயரைச் சொல்லவும் நா எழவில்லை. இந்த மடலிலும் எழுதவில்லை. பேருந்தில் போகும்போதும், யார் வீட்டிலாவது படுக்கை விரிக்கும்போதும், மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கும் வயது போகிறது. பிள்ளைகள் இல்லை. நீ என் காதைத் தேடிக்கொண்டாய். நான் யாருடைய காதில் சொல்வதடி?