தூக்கத்தில் தூக்கிய கை

அன்பு வாண்டுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். தூக்கம் என்று எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது. சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கியதோடு நில்லாமல், தூங்கிக்கொண்டே ஓட்டும் போட்டுவிட்டேன். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் கடற்கரைத் தெருக்களின் நலச்சங்கத்துக்குச் சம்பளமில்லாத நிர்வாகிகள் ஐந்து பேர். தலைவர் பல் டாக்டர், பேசும்போது நம் முகத்தை விட்டுவிட்டுப் பல்லையே பார்ப்பாரே அவர்தான், செயலாளர் பூகோள டீச்சர், அப்புறம் எலக்ட்ரீஷியன், தையல்கார அக்கா, ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே என்று நான். கூட்டம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு, பழைய படகுக் கொட்டகையின் மாடியில். அந்த அறையைப் பற்றிச் சொன்னால்தான் என்மேல் உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் வரும். கடலில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக ஏறிவந்து மேற்கூரையில் வலை மாதிரி ஆடும், கீழே ஒரு அலை வந்து போனால் மேலே அந்த வலை ஒரு தடவை சுருங்கி விரியும், மின்விசிறியும் அதே தாளத்தில் முனகும். கடலுக்கு இறங்கும் படிகளில் பாசி பிடித்துவிட்டது, ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார், இரும்புக் கதவு போட்டு மூடிவிடலாம் என்று டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். பாசி என்ற சொல் வரைக்கும் நான் இருந்தேன். அதன்பிறகு அறை மெதுவாகக் கரையை விட்டு விலகியது. நாற்காலிகள் மிதந்தன, டீச்சரின் தீர்மானப் புத்தகம் இறக்கை விரித்துத் தண்ணீரின்மேல் போயிற்று, தூரத்தில் ஒரு கப்பலின் மேல்தட்டில் நீ நின்றாய், ஐந்து வயதுப் பாவாடையும் இப்போதைய கண்ணாடியுமாக. கப்பல் சத்தமில்லாமல் நகர்ந்தது. நீ என்னைத் தேடுகிறாய், கூட்டத்தில் உன் கண்ணுக்கு நான் அகப்படவில்லை, அதனால் கையை நன்றாக உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து டாக்டர், மூடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றிருக்கிறார்.

நாற்காலி இழுபட்ட சத்தத்தில் கண் விழித்து, எப்போதும் சொல்வதுபோல நல்ல முடிவு என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் தையல்கார அக்கா என்னைக் கண்டும் காணாமல் போனார். அம்மா தைக்கக் கொடுத்த திரைச்சீலை தைக்காமலே திரும்பி வந்தது. என்ன செய்து தொலைத்தீர்கள் என்று அம்மா கேட்டதும் டீச்சர் வீட்டுக்கு ஓடித் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். மூட ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு, அந்த மூன்றில் நான். அக்காவின் முழங்கால் கதை உனக்குத் தெரியும், மிஷினை மிதித்தே தேய்ந்தது. தரையில் கைத்தடி இல்லாமல் பத்தடி நடக்க மாட்டார், ஆனால் விடியற்காலையில் அந்தப் படிகளில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் போய்விட்டால் தடியும் வேண்டாம், துணையும் வேண்டாம். ஊரில் அவர் தடியில்லாமல் நடப்பது அங்கே மட்டும்தான். அதைத்தான் நான் கை தூக்கி மூடியிருக்கிறேன். மனம் மாறிவிட்டது என்று சொல்லித் தப்பலாமென்றால், அதற்கெல்லாம் மறு ஓட்டு கிடையாது, ஓட்டே தப்பாக விழுந்திருந்தால்தான் உண்டு என்று டீச்சர் விதியைக் காட்டிவிட்டார். வீட்டில் ஒரு துணி எடுக்கக் கை தூக்காத மனுஷன் அங்கே போய்த் தூக்கியிருக்கிறீர்கள், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். டாக்டர் நம்பவில்லை. எலக்ட்ரீஷியன்தான் சாட்சி. "நெஜந்தான் டாக்டர். அந்தக் குறட்டையைக் கேட்டு ஃபேன்ல பேரிங் போச்சுன்னு மறுநாள் வந்து கழட்டிப் பார்த்தேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு எதிரா கை தூக்கினதுகூடப் பரவாயில்லண்ணா. தூக்கறப்ப சிரிச்சீங்க. ஒரு வாரமா அதுதான் கண்ணுக்குள்ள நிக்குது" என்றார். யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்று சொன்னேன். கப்பலைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் மேற்கூரையில் ஆடிய வெளிச்சத்தையே பார்த்தார். பிறகு, "பாப்பாவை நான் கேட்டேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். மறு ஓட்டுக்கு முன்னால் டாக்டர் என் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். மூடக் கூடாது என்று மூன்று கைகள், படிகள் பிழைத்தன. மறுநாள் விடியலில் நானும் எலக்ட்ரீஷியனும் துடைப்பத்தோடு போய்ப் பாசியைத் தேய்த்தோம். அக்கா தடியை மேல்படியில் சாய்த்துவிட்டு இறங்கினார். பனிமூட்டத்தில் கடல் எது வானம் எது என்று தெரியவில்லை, நடுவில் அவர் மட்டும் யாரோ மெதுவாகத் தள்ளிவிட்டதுபோல நடந்து போய்க்கொண்டே இருந்தார்.

நீ அலுவலகக் கூட்டங்களில் நன்றாகச் சாய்ந்து உட்காராதே, இது பரம்பரை வியாதி. கண்ணாடியின் பவரைச் சோதித்துக்கொள், கனவில் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தாய். போன இடத்தில் உடம்பும் மனசும் குளிர்ந்து நல்லபடியாக இரு. வாரம் ஒருமுறை அம்மாவைக் கூப்பிடு, மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா

பி.கு.: புதிய தீர்மானத்தின் நகலுக்கு நகராட்சியிலிருந்து பதில் வந்துவிட்டது. நம் சங்கத்தின் எல்லை தெருவிளக்குக் கம்பத்தோடு முடிகிறதாம், அந்தப் படிகளை மூடவோ திறந்து வைக்கவோ எங்களுக்கு என்றைக்குமே அதிகாரம் இருந்ததில்லையாம்.