தேன்காரர் வேனுக்கு நான் பூசிய பூச்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே உடம்புக்குக் குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லை. போனில் ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய், அதனால் கடிதமே மேல் என்று பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சூளை சூடேற இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் நாலு தடவை எழுந்து போய் அதன் கதவைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, இருந்தாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பயப்படாதே, நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

தேன்காரரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்த வாடிக்கை. அறுபது வயதிருக்கும். பழைய வேன் ஒன்றில் தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எங்கே பூக்கிறதோ அங்கே போய் இறக்கி வைப்பார், பூ முடிந்ததும் வேறு இடத்துக்குக் கிளம்பிவிடுவார், மனைவியும் கூடவே போவார். சீட்டுக்கு அடியிலேயே என்ஜின் இருக்கிற வேன். போன மாதம் அதன் மேனிஃபோல்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். என்ஜின் கக்கும் புகையை நாலு வாயால் வாங்கி ஒரே குழாயில் விடுமே, நீ சின்னவளாக இருந்தபோது நாலு கால் பூச்சி என்று சொல்லி அதன்மேல் ஏறி உட்காருவாயே, அந்த வார்ப்பிரும்புதான். "காலு வேகுதும்மா, தரையில செருப்பு ஒட்டிக்குது, பின்னாடி மெழுகு இளகுது, சூடு மேல ஏறாத மாதிரி ஏதாவது பூசிக் குடுங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று, கொஞ்ச நாளாக டிக் டிக் என்று ஒரு சத்தமும் வருகிறது என்றார். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்றால், அதற்குள் எனக்கும் உன் சித்தப்பாவுக்கும் எந்தப் பூச்சு என்று வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. சித்தப்பாவுக்குச் சில்வர் பெயிண்ட் இருந்தால் போதும், அடித்தோமா, காய்ந்ததா, பளபளவென்று கையில் கொடுத்தோமா என்று இருப்பார். அது அத்தனை சூட்டில் ஒரே மாதத்தில் சாம்பலாகி உதிரும், மினுக்குமே தவிர சூட்டைப் பிடித்து வைக்காது என்றேன். அப்படியானால் கண்ணாடி நார்த் துணியைச் சுற்றிவிடலாம் என்றார். துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்பை உள்ளுக்குள் அரிக்கும், எண்ணெய் சொட்டினால் பற்றியும் கொள்ளும் என்றேன். செராமிக்தான் சரி, மணல் அடித்து இரும்பை வெறுமையாக்கி, மெல்லிசாக இரண்டு கை பூசி, சூளையில் வேக வைக்க வேண்டும், சூடு குழாய்க்குள்ளேயே ஓடிப் பின்பக்கம் போய்விடும் என்றேன். "அண்ணி, நீங்க வேனுக்குப் பூசுறீங்களா, ராக்கெட்டுக்குப் பூசுறீங்களா" என்று கேட்டார். இரண்டு நாள் இழுத்தது. கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. அந்த ஜோரில் மணல் அடித்த கையோடு பூச்சை எடுத்துவிட்டேன். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிப் பார்ப்பேனே, கீறல் இருந்தால் ஈரம் கோடாக ஊறி வருமே, இருபத்திரண்டு வருடமாக நான் தவறாமல் செய்கிற வேலை, அதை அன்றைக்குச் செய்யவில்லை. எந்தப் பூச்சு என்பதில் ஜெயித்துவிட்டு, எதன்மேல் பூசுகிறேன் என்று பார்க்க மறந்துபோனேன்.

தேன்காரர் மாட்டிக்கொண்டு போன நாலாம் நாள் போன் செய்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. "கால் வைக்கிற இடம் ஜில்லுன்னு இருக்கும்மா, அந்த டிக் டிக் சத்தம்கூடப் போயிடுச்சு, உங்க கை ராசியான கை" என்றார். நானும் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். சூடு குறையும், சரி. பூச்சு பூசினால் சத்தம் ஏன் போக வேண்டும்? சத்தத்துக்கும் பூச்சுக்கும் என்ன சம்பந்தம்? பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நினைப்பு, துணி உலர்த்தும்போதும் அதே நினைப்பு. மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்ததும், மணல் அடித்து முடித்ததும் ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து வைப்பேன் அல்லவா, அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வாயின் கழுத்தில் கருப்பாக ஒரு கோடு, நகத்தளவு நீளம். சித்தப்பாவிடம் காட்டினால், முடி விழுந்திருக்கும் அண்ணி, உங்கள் முடிதான் என்கிறார். என் முடியில் கருப்பு எங்கே இருக்கிறது, சொல்.

தேன்காரருக்குப் போன் போட்டேன், போகவில்லை. மத்தியானம் வரைக்கும் முப்பது தடவையாவது போட்டிருப்பேன். பூ இருக்கிற இடத்தில் டவர் இருக்காது என்று சித்தப்பா சொன்னார். நான் பட்டறைக்கும் வாசலுக்குமாக நடந்தபடி இருந்தேன், அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை நாள் தரை கொதித்ததால் அந்த மனிதர் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டியிருப்பார். இப்போது ஜில்லென்று இருக்கிறது, பின்னால் தேனீக்கள், கொட்டிவிடும் என்று கண்ணாடியை ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். என் பூச்சு நன்றாக வேலை செய்ததே வினையாகப் போகிறதே. கீறல் வழியாகச் சீட்டுக்கு அடியில் கசிகிற புகையின் விஷத்துக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது, வருவதே தெரியாது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார். "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு" என்றார். சூரியகாந்தி வயல் என்று தேன்காரர் சொன்ன ஞாபகம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உன் அப்பா நாற்பதுக்கு மேல் ஓட்டினால் காருக்குச் சளி பிடிக்கும் என்று நினைக்கிறவர், அன்றைக்கு எண்பதில் போனார். நான் முன்சீட்டில் சீட்பெல்ட்டை முறுக்கிக்கொண்டு, வருகிற வேனையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பெட்ரோல் பங்க்கில் விசாரித்தோம், தெரியவில்லை. ஒரு உரக்கடைக்காரர்தான் காலையில் தேனீப் பெட்டி ஏற்றிய வேன் கால்வாய் ஓரமாகப் போனது என்றார். போனோம். வயல் ஓரத்தில் நீலப் பெட்டிகள் வரிசையாக இருந்தன, வேனும் நின்றது. தேன்காரர் ஒரு தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மரத்தடியில் அவர் மனைவி சுருண்டு படுத்திருந்தார். காலையில் இருந்தே தலைவலி, இரண்டு தடவை வாந்தி, வெயிலாக இருக்கும், இல்லை தேனீ கொட்டியிருக்கும் என்றார். உங்களுக்கு எப்படி என்று கேட்டேன். "எனக்கும் தலை கனமாத்தான் இருக்கு, பூ வாசம் ஒத்துக்கல போல" என்றார். சீட்டைத் தூக்கச் சொல்லி, என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். நான் பூசிய கருப்புப் பூச்சு அந்த மூன்றாவது கழுத்தில் பிளந்து, அதைச் சுற்றிப் புகைக்கரி விசிறி மாதிரி படிந்திருந்தது. விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது கீறல். அதன் வழியாகப் புகை அடிக்கிற டிக் டிக் சத்தமும் கேட்டது, தேனீ இரைச்சலில் அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாலு நாள் என் பூச்சு அதன் வாயை அடைத்து வைத்திருக்கிறது, பிறகு விட்டுவிட்டது.

இரண்டு பேரையும் நம் காரில் ஏற்றி, கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, புகை ஏறியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "இன்னொரு அரை நாள் அந்த வண்டியில போயிருந்தா ஓட்டுறவரே மயங்கியிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னேன். கீறல் இருக்கிறதா என்று பார்க்காமல் பூசிவிட்டேன், தப்பு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தேன்காரர் பிடிக்கவில்லை. பிறகு, "தேடி வந்தீங்க, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா நான் சத்தம்னு சொன்னேனேம்மா, வாசல்ல நின்னு சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேனுக்கு வேறு மேனிஃபோல்டு தேடிக் கொடுத்து, சித்தப்பாவே போய் மாட்டிவிட்டு வந்தார். பூச்சு எதுவும் வேண்டாம் என்று தேன்காரர் சொல்லிவிட்டாராம். அவர் சொல்வது நியாயம்தான், ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து என் கை என்னுடையது மாதிரி இல்லை.

அப்பா போதும் என்கிறார், பட்டறையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு மகளிடம் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வா என்கிறார். நீயும் அதைத்தான் சொல்வாய் என்று தெரியும். வருகிறேன், வர மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் இதை இப்படியே வைத்துவிட்டு வந்தால் உன் வீட்டிலும் எழுந்து எழுந்து கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ஒன்றை மறந்தவள் வேறு எதையெல்லாம் மறந்தாளோ? அதனால் படங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த ஒரு வருடத்தில் யார் யாருக்கு மேனிஃபோல்டு பூசினேனோ அவர்களுக்கெல்லாம் போன் செய்கிறேன். வண்டியைக் கொண்டு வாருங்கள், கழற்றிச் சோதித்துத் தருகிறேன் என்கிறேன். மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒருவர் என்னம்மா பயமுறுத்துகிறீர்கள் என்று கத்தினார், ஒருவர் வைத்துவிட்டார், ஆனாலும் போனில் கிடைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். இதுவரை எதிலும் கோடு வரவில்லை. சித்தப்பா முதல் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், ஊருக்கெல்லாம் நாமே தண்டோரா போடுகிறோமா என்றார், மூன்றாம் நாள் சாக்பீஸைப் பொடித்து டப்பாவில் போட்டு என் பக்கத்தில் வைத்தார். ஐந்து பேர்தான் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஐந்து பேரும் இந்த நேரத்தில் எந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இதோ, இந்த வரியை எழுதும்போதே போன் அடித்தது. ரொட்டி வண்டிக்காரர், வெளியூர் போயிருந்தாராம், நாளைக்குக் காலையில் கொண்டு வருகிறார். இன்னும் நாலு பேர்.

உன் வெந்நீர்க் கொதிகலனின் புகைக்குழாயை வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி இந்த வாரமே பார்க்கச் சொல், சொன்னேன் என்று விட்டுவிடாதே, பக்கத்தில் நின்று பார். நீ நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நல்லவர்கள் நடுவில் நீண்ட நாள் வாழ வேண்டும். சூளை சூடேறிவிட்டது, எழுந்திருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா