முதுகுவலி என்று சொல்லிப் போன இடம்

அன்பு மகள் பஸ்லாவுக்கு,

மாத்தளையிலிருந்து சாச்சி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீயும் றிஷாத்தும் அங்கே வந்திருக்கும் உன் மாமியாரும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போனை எடுக்கும்போதெல்லாம் உன் மாமியார் நூருன்னிஸா மாமி பக்கத்திலேயே இருக்கிறார், அது ஒரு காரணம். இதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, அது மற்றக் காரணம். லீவில் வந்திருந்த ஜெஸ்லா வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன், என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை.

வாப்பாவுக்கு சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழங்கால்தான் சரியில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை தம்புள்ளைக்கு லொறியோடு போகாமல் இருக்க அவரால் முடியாது. மிளகு காயப் போட்ட மூன்று நாளும் மழை, படங்கை விரிப்பதும் சுருட்டுவதுமாக என் இடுப்பு விட்டுப் போயிற்று. பின்வேலியில் குரங்குகள் பப்பாசி ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே பக்கம் நிறைந்துவிடும் மகள். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய மெசேஜ்தான் விஷயம். ஐ.வி.எஃப்பை ஆறு மாதம் தள்ளிப் போடப் போகிறேன், அதுவரை அக்குபங்சர் ஊசி மட்டும் செய்து பார்க்கிறேன், உங்களுக்கு அது நல்லா வேலை செய்ததுதானே சாச்சி என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் முட்டைகளின் இருப்பு வயதுக்குக் குறைவு, காத்திருக்க வேண்டாம் என்று அங்குள்ள டொக்டர் சொன்னதை நீதான் எனக்குச் சொன்னாய். அதற்குப் பிறகும் நீ காத்திருக்கத் துணிந்தது என் பேச்சைக் கேட்டு. நான் உனக்குச் சொன்னது பாதிக் கதை. மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன், எனக்கு முப்பத்தொன்று நடக்கும்போது, வாப்பாவோடு ஒவ்வொரு செவ்வாயும் தம்புள்ளைக்குப் போனேன், நினைவிருக்கும். முதுகுவலிக்கு என்றுதான் உனக்கும் சொன்னோம். அங்கே ஒரு கடைமாடியில் ஷெரோமி மிஸ் என்பவர் அந்த ஊசி வைத்தியம் செய்து வந்தார். கடந்த மாதம் உன்னிடம் பேசும்போது, முதுகுக்கல்ல, மாதவிடாய் ஒழுங்கில்லாததற்குப் போனேன், சரியாகிவிட்டது என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. நான் போனது பிள்ளைக்காக.

கணுக்காலின் உட்பக்கம், அடிவயிறு, கைமடிப்பு என்று மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகிவிட்டு அரை மணி நேரம் படுக்க விடுவார். வலியே இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் தோள்வலிக்கு வரும் மரக்கறி வியாபாரி ஸஹாப்தீன் காக்கா, என்ன தங்கச்சி, இந்த வயசிலயே முதுகா, வூட்டில மிளகு மூட்ட தூக்குறதும் நீங்கதானா என்று கேட்பார். நானும் சிரித்துக்கொண்டு, ஓ காக்கா, அவருக்கு முழங்கால் ஏலாதே என்பேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அதனாலேயே அந்த இடம் எனக்குப் பிடித்தது. இங்கே பெண்களுக்கான கிளினிக்கில் வாசலில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள், வரிசையில் பாதி நம் தெருப் பெண்கள். ஊசி மாடிக்கு ஏறுகிறவளை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். வைத்தியம் எது நல்லது என்று யோசித்து நான் போகவில்லை மகள், எது வெளியே தெரியாது என்று பார்த்துப் போனேன்.

ஷெரோமி மிஸ்ஸில் குற்றமில்லை. முதல் நாளே சொன்னார், ஊசி வேற, ஸ்கேன் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க, டொக்டர்கிட்ட போய் ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க, அதுக்குத் துணையாத்தான் நான், அதுக்குப் பதிலா இல்ல என்று. எடுத்துவிட்டேன், எல்லாம் சரியாம் என்று அவரிடமும் பொய் சொன்னேன். நல்ல தூக்கம் வந்தது, மனம் இலேசானது, மாதமும் ஒழுங்காக வந்தது, அதையெல்லாம் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் போக்கினேன். பிறகு வாப்பாவே பிடிவாதமாகக் கண்டிக்குக் கூட்டிப் போனார். சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருந்தன. பள்ளிக்கூட நாட்களில் எனக்கு அப்பென்டிக்ஸ் வெடித்ததே, அதன் தழும்பாக இருக்கலாம் என்றார்கள். அதை எந்த ஊசியும் திறக்காது. அன்றைய ஒரு பரிசோதனையை நான் முதல் மாதமே செய்திருக்கலாம். கண் காட்டக் கொழும்புக்குப் போகிறோம் என்று உனக்குச் சொல்லிவிட்டுப் போய் ஐ.வி.எஃப் செய்தோம். கிடைத்த முட்டைகள் மூன்று. ஒன்றும் தங்கவில்லை. முந்தி வந்திருந்தால் நிச்சயம் நடந்திருக்கும் என்று அந்த டொக்டர் சொல்லவில்லை, வாய்ப்பு கூட இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். மறுபடி முயல எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். உன் உம்மா, என் கூடப்பிறந்த ராத்தா, மௌத்தாகி ஒரு வருடத்தில் வாப்பாவுக்கும் எனக்கும் நிக்காஹ் ஆனது. அன்று உனக்குப் பதினைந்து வயது. சாச்சிக்கு ஒரு பிள்ளை கிடைச்சா நான் யாருக்கு என்று கேட்டாய். நீ இருக்கிறாய், எனக்கு வேறு வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு ஆசை வந்தபோது அந்தச் சொல்லை மீறியதுபோல் வெட்கமாக இருந்தது.

ஊசியை விடு என்று நான் சொல்லவில்லை. இப்போதும் கிடைப்பதையெல்லாம் தேடி வாசிக்கிறேன், கர்ப்பத்துக்கு அது உதவும் என்று சிலர், வித்தியாசம் காணவில்லை என்று வேறு சிலர், மனப்பதற்றத்துக்கு ஆறுதல் என்று பலர். உனக்கு ஆறுதலாக இருந்தால் செய். ஐ.வி.எஃப்போடு சேர்த்துச் செய், டொக்டரிடம் சொல்லிவிட்டுச் செய். எந்தத் திகதியில் என்ன மருந்து என்று ஊசி போடுகிறவருக்கும் தெரிய வேண்டும். கேட்காமல் ஒரு மூலிகைத் தூளும் குடிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

ஆனால் நீ தள்ளிப் போடுவது ஊசியை நம்பித்தானா என்று உன்னையே ஒரு தரம் கேட்டுப் பார். மாமி மூன்று மாதம் உன்னோடு இருக்கிறார். ஃபிரிட்ஜில் ஹோர்மோன் மருந்து வைக்க முடியாது, தினமும் ஒரே நேரத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்த முடியாது. அக்குபங்சர் என்றால் கழுத்துவலி என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் என்றால் எனக்கு அது நன்றாகப் புரியும், அதனால்தான் இவ்வளவு பயப்படுகிறேன். வாப்பாவிடம் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, எங்கட புள்ளக்கிட்ட மறைச்சு என்ன செய்ய என்றார்.

மாமி ஏதும் கேட்டால், குத்திப் பேசினால், என் கதையைச் சொல். அடைத்த குழாய், கொழும்புப் பயணம், இந்த ஸஜீதா சாச்சி முதுகுவலி என்று பொய் சொல்லித் திரிந்தது, எல்லாவற்றையும் சொல். காத்திருந்தால் என்னாகும் என்று அவருக்கும் விளங்கும். அவர் வாயிலிருந்து அது மாத்தளைக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகாது, அது எனக்குத் தெரியும். வரட்டும் மகள். கடைத்தெருவில் யாராவது என்னிடம் கேட்டால், ஓம், உண்மைதான் என்று சொல்ல இப்போதே பழகிக்கொள்கிறேன்.

அல்லாஹ் உன் வயிற்றைக் குளிர வைக்கட்டும், உனக்கும் றிஷாத்துக்கும் பொறுமையையும் பரக்கத்தையும் தரட்டும், எது நடந்தாலும் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் விடாமல் இருக்கட்டும். றிஷாத்திடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஐ.வி.எஃப் தொடங்க டொக்டர் உனக்குத் தந்ததாக நீ சொன்ன நாள் பதினெட்டாம் திகதி, காலை பத்தரை. ரத்துச் செய்திருந்தால் இன்றைக்கே கோல் எடுத்து அந்த நாளைத் திருப்பிக் கேள்.

உன் சாச்சி,
ஸஜீதா மஹ்ரூப்