நெஞ்சளவுத் தண்ணீரில் அம்மா

மதுரை,
3 ஜூன் 2024

அன்பு மகள் பிரீத்திக்கு,

குளத்திலிருந்து ஏறி, தலை துவட்டிய கையோடு எழுதுகிறேன். போனில் எனக்கு மூச்சு வாங்கும் சத்தம் உனக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றாயே, அதனால்தான் கடிதம்.

இரைப்பை ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம் இங்கேயே தங்கித் தண்ணீரில் பயிற்சி எடுக்க வேண்டுமாம். நூற்று இருபத்தெட்டு கிலோ உடம்புக்கு மயக்கம் கொடுத்தால் நுரையீரல் தாங்க வேண்டும் என்கிறார் டாக்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் நெஞ்சளவுக்கு நிற்கிறேன். முட்டி வலி தெரியவில்லை. ஆனால் தண்ணீர் நெஞ்சை அழுத்துவதால் மூச்சை இழுக்கப் பெரும்பாடு. "அந்தப் பாடுதான்மா மருந்து" என்கிறாள் பயிற்சி தரும் எழில். மூச்சின் பலத்தை அளக்கும் குழாயை உறிஞ்சினேன். நாற்பத்திரண்டு காட்டியது. அது குறைவாம்.

ஆவணியில் உன் கல்யாணத்துக்குள் தேறிவிடுவேன். முகூர்த்தப் புடவை என்ன நிறத்தில் எடுத்தாய்?

உன் அம்மா

சிவகாசி,
19 ஜூன் 2024

அம்மாவுக்கு,

கல்யாணத்தை ஜூலை பதினொன்றுக்கு மாற்றிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டு வெடி கம்பெனியில் ஆடி பிறந்தால் தீபாவளி லோடு ஏற்றவே நேரம் சரியாக இருக்குமாம். அதற்குள் உன் ஆபரேஷன் முடியாது. நீ வர வேண்டாம்.

நிச்சயதார்த்தத்தில் நீ உட்கார்ந்து நாற்காலி ஒடிந்ததை அவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கல்யாண ஆல்பத்திலும் அந்த உருவம் வேண்டாம். அழகுமீனா சித்தியும் சித்தப்பாவும் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். அப்பாவிடம் கேட்டேன். "அதுவுஞ் சரிதான்த்தா, அவ அங்கனயே இருக்கட்டும்" என்றார்.

பிரீத்தி

மதுரை,
22 ஜூன் 2024

பிரீத்திக்கண்ணு,

இன்று அந்தக் குழாய் ஐம்பத்து மூன்று காட்டியது. அரை மணி நேரம் என்னால் நிற்க முடிகிறது. எனக்கு நாற்காலியே வேண்டாம். மண்டபத்தின் கடைசியில் தூணோரமாக நின்று, தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். கேமரா திரும்பினால் வெளியே போய்விடுவேன். சரி என்று ஒரு வரி எழுது.

உன் அம்மா

சாத்தூர்,
9 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு,

எனக்கு ஏழாம் மாதம். மாசியில் வளைகாப்பு. "ஒங்க அம்மா இப்ப எப்பிடி இருக்காக?" என்று மாமியார் கேட்டார். எவ்வளவு குறைந்திருக்கிறாய்? முழு உருவமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. பார்த்துவிட்டு, வரலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.

பிரீத்தி

மதுரை,
13 பிப்ரவரி 2025

பிரீத்திக்கு,

நீ அந்த ஒரு வரியை எழுதவில்லை. உன் முகூர்த்த நேரத்தில் நான் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை முட்டி மூச்சு தப்பியது. எழில் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து ஆபரேஷன். மயக்கம் தெளிந்து தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும் மூச்சு தானாக வந்தது. வார்டில் எல்லோருக்கும் யாராவது வந்திருந்தார்கள். உன் அப்பாவுக்கு உன் மறுவீட்டு விருந்து.

முப்பத்தொன்பது கிலோ குறைந்திருக்கிறேன். போட்டோ அனுப்பப் போவதில்லை. வளைகாப்புக்குச் சித்தியையே உட்காரச் சொல். தலைப்பிரசவத்துக்கும் அவள் வீட்டுக்கே போ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வராதே, நான் கதவைத் திறக்க மாட்டேன். நான் இனி இங்கேதான் என்று உன் அப்பாவிடமும் சொல்லிவிடு.

சொர்ணலட்சுமி